வெங்காயம் எங்கலே, பேராண்டி?

படம் பாத்து முடிச்சா மொதல்ல ஒரு செம்பு தண்ணி குடிக்கணும்லே பேராண்டி. அப்புறந்தான் வாயத் தொறக்கணும். நீ லேப்டாப்ப மூடுததுக்கு முன்னாடியே தீர்ப்பு வாசிச்சுட்ட. "தாத்தா, ஈவில் டெட் ரெண்டாம் பாகம் மாதிரி ஒலகத்துல ஒரு பேய்ப்படம் கெடையாது. என்னா ரத்தம், என்னா ரத்தம்! நான் கண்ணே சிமிட்டல!" கண்ணு சிமிட்டாம இருக்கது ரெண்டே ரெண்டு பேருதான்னு நம்மூர்ல சொல்லுவாவ. ஒண்ணு சாமி, இன்னொண்ணு பொணம். நீ சாமி இல்லங்கது இந்தத் தெருவுக்கே தெரியும்.

வீரத்தப் பத்தி ரொம்பப் பேசாத. காலேஜ்ல ரத்ததானம் குடுக்கப் போயி, நர்சம்மா ஊசிய எடுக்க முன்னாடியே படுத்துக்கிட்ட ஆளு யாருன்னு உங்க அப்பன் எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டான். குடுத்த பிஸ்கட்டையும் ஜூஸையும் மட்டும் எந்திரிச்சு வாங்கிக்கிட்டியாம்ல?

மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. படம் நல்ல படந்தான். உன்னவிட எனக்குத்தான் அது ஜாஸ்தி புடிச்சிருக்கு. நீ புடிச்சிருக்குன்னு சொல்லுத காரணந்தான் எனக்குப் புடிக்கல. ரத்தம் ரத்தம்னு ரத்த வங்கிக்காரன் மாதிரி அளந்துக்கிட்டு இருக்க. 2023-ல வந்த ஈவில் டெட் ரைஸுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு லிட்டரு செயற்கை ரத்தம் செலவாச்சுன்னு பெருமையாச் சொல்லுத. லிட்டர் கணக்கு பால் சொசைட்டிக்குத்தாம்லே வேணும். சினிமாவுக்கு எதுக்கு?

மொதல்ல அந்த ரத்தக் கணக்க முடிச்சுருவோம். கொடைக்குக் கொடை கெடா வெட்டுத ஊருல பொறந்தவன ரத்தத்தக் காட்டி மெரட்ட முடியாது. வெட்டுன ஒடனே வார ரத்தம் செக்கச் செவேல்னு இருக்கும், கை வச்சா சுடும். மண்ணுல விழுந்த எடம் கொஞ்ச நேரத்துல கறுத்துப் போவும், ஈ மொய்க்கும். சட்டியில புடிச்சு வச்சது அப்படியே கட்டியா ஒறஞ்சுரும். ஒரு இரும்பு வாடை அடிக்கும் பாரு, அது கையக் கழுவுனாலும் லேசுல போவாது. அந்தச் சட்டியப் பாத்துட்டு உங்க ஆச்சி அலறவா செய்யுதா? "வெங்காயம் எங்க, இன்னும் ஒருத்தியும் உரிக்கலயா"ன்னுதான் கேக்கா.

டைரக்டரு சாம் ரைமி ஊத்துன ரத்தத்துல வாடையும் கெடையாது, ஒறையவும் ஒறையாது. மொத பாகத்துல அது மக்காச்சோளப் பாகு. கேரோன்னு அமெரிக்காவுல கடையில விக்குத பாகு. அதுல சாயத்தக் கலந்து ஹீரோவா நடிச்ச அந்தப் புரூஸ் கேம்பல் பய தலையில கொட்டியிருக்கானுவ. சட்டையில ஊறுன பாகு காயட்டும்னு தீக்குப் பக்கத்துல போட்டா, மொறுமொறுன்னு காஞ்சு திரும்பப் போடும்போது ஒடிஞ்சே போச்சாம். பேயி வந்துதோ இல்லயோ, அந்த வீட்டுக்கு எறும்பு கண்டிப்பா வந்திருக்கும்.

ரெண்டாம் பாகத்துல இன்னும் விசேஷம். ரத்தம் கறுப்பா ஒழுகுது, பச்சையாப் பீச்சுது. நீ அதப் பாத்துட்டு "டைரக்டரோட விஷன் தாத்தா"ன்ன. விஷனும் இல்ல, வெங்காயமும் இல்ல. அமெரிக்காவுல சினிமாக் கம்பெனிக்காரனுவளே ஒரு சங்கம் வச்சு, படத்துக்குச் சர்ட்டிபிகேட்டு குடுக்கானுவ. அந்தக் காலத்துல எக்ஸ்னு முத்திர விழுந்துட்டா முக்காவாசி பேப்பர்க்காரன் விளம்பரம் போட மாட்டான், தேட்டர்க்காரன் வாசல்லயே நிக்க விட மாட்டான். செவப்பா இருந்தாத்தான ரத்தம்ப? கலரை மாத்திப்புட்டா என்ன செய்யுவன்னு யோசிச்சிருக்கானுவ. அப்பவும் எக்ஸ்தான் விழும்னு ஆனதும், சர்ட்டிபிகேட்டே வேண்டாம்னுட்டானுவ. படத்துக்குக் காசு போட்ட டினோ டி லாரன்டிஸ் கம்பெனி அந்தச் சங்கத்துக்குக் கட்டுப்பட்டது, சர்ட்டிபிகேட்டு இல்லாத படத்த வெளியிட முடியாது. அதுக்கு லாரன்டிஸ் என்ன செஞ்சாரு? ரோஸ்பட்னு இன்னொரு பேருல ஒரு கம்பெனியத் தொறந்து, அதுமூலமா 1987 மார்ச்சுல எறக்கிவிட்டாரு. உனக்கு ரசிக்கணும்னா இந்த ஆளோட மூளைய ரசி.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காத. நீ சொன்னதுதான். பரீச்ச லீவுக்கு வந்த நாள்லருந்து சாப்பாட்டுத் தட்டு முன்னாடி ஒக்காந்து ஓதிக்கிட்டே இருக்கல்லா? எல்லாத்தையும் மனப்பாடமாச் சொல்லுத. நீ சொன்னத நீயே காது குடுத்துக் கேக்கலங்கதுதான் கொறை.

அப்புறம் அந்தப் பஞ்சாயத்து. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாடியில நின்னுக்கிட்டு, போன்ல எவங்கூடயோ, "இது சீக்குவல்தாம்ல, ரீமேக் இல்ல"ன்னு தொண்ட கிழியக் கத்துன. எதிர்வீட்டு நாயி எந்திரிச்சு ஊளையிட்டுச்சு. அது உங்கூட ஒத்துப்போச்சா, எதுத்துப் பேசுச்சான்னு எனக்கு வெளங்கல. ஏம்ல, இதுல சண்டைபோட என்ன இருக்கு? மொத பாகத்துல அஞ்சு பேரு காட்டு வீட்டுக்குப் போறாவ, ஆஷ் ஒருத்தன் மிஞ்சுதான். ரெண்டாம் பாகம் தொடங்கும்போது அதே ஆஷ், லிண்டாங்க பேருல ஒரு பொண்ண மட்டும் கூட்டிக்கிட்டு அதே மாதிரி வீட்டுக்குப் போறான், அதே மாதிரி டேப் ரிக்கார்டரப் போடுதான், அதே மாதிரி பேயக் கெளப்புதான். ஒடனே உன் கூட்டாளி, "ஒரு தடவ செத்துப் பொழச்சவன் மறுபடியும் அங்கயே, அதே பேருல இன்னொருத்தியக் கூட்டிக்கிட்டுப் போவானா"ன்னு கேக்கான். அவன் கேள்வி ஞாயமானதுதான்.

ஆனா விசயம் கதையில இல்ல, பத்திரத்துல இருக்கு. அண்ணந்தம்பி பாகம் பிரிச்ச வீட்டுல நடுமுத்தம் யாரு பேருலன்னு தெரியாம கெடக்கும்லா, அந்த மாதிரி மொத படத்தோட உரிம பல பேரு கையில சிதறிக் கெடந்துச்சு. தான் எடுத்த படத்துலருந்தே பழைய காட்சிய எடுத்துப் போட ரைமிக்கு வழியில்ல. முன்கதையச் சொல்லணுமே, என்ன செய்ய? சுருக்கமாத் திரும்ப எடுத்துப்போட்டான். அஞ்சு பேர ரெண்டு பேரா ஆக்கிப்புட்டான், லிண்டாவுக்கு வேற பொண்ணப் போட்டான். ஏழெட்டு நிமிசத்துல சோலி முடிஞ்சுது. இதுக்குப் போயி முப்பது நாப்பது வருசமா ஒரு கூட்டம் தத்துவம் பேசிக்கிட்டுத் திரியுது, அதுல நீயும் ஒருத்தன்.

ரைமிக்கு மொத படம் ஆரம்பிக்கும்போது வயசு இருபதுதாம்லே. மிச்சிகன்காரன். பள்ளிக்கூடத்துலருந்தே புரூஸ் கேம்பல், ஸ்காட் ஸ்பீகல்னு ஒரு செட்டு சேத்துக்கிட்டு, சின்னக் கேமராவுல அடிதடிச் சிரிப்புப் படமா எடுத்துத் தள்ளுன பயலுவ. த்ரீ ஸ்டூஜஸ்னு மூணு பேரு ஒருத்தனையொருத்தன் மண்டையில அடிச்சுக்கிட்டு, கண்ணக் குத்திக்கிட்டுத் திரிவானுவல்லா, அவனுவதான் இவனுவளுக்குக் கொலதெய்வம். பேய்ப்படம் எடுத்தது ஆசையில இல்ல. கொறஞ்ச காசுல எடுத்து விக்க முடிஞ்ச சரக்கு அதுதான். டெட்ராய்ட்டுல பல் டாக்டர், வக்கீல்னு பாத்தவன்கிட்ட எல்லாம் பணம் தண்டி, டென்னசியில ஒரு பாழடைஞ்ச வீட்டப் புடிச்சு, குளிர்ல வெறச்சுக்கிட்டு எடுத்தானுவ. படத்த முடிக்கக் கேம்பல் குடும்பத்து நெலத்தையே ஈடு வச்சான். 1981-ல படம் வந்துச்சு. பேய்க்கதை எழுதுத ஸ்டீபன் கிங் பாத்துட்டுப் புகழ்ந்து எழுதுன பொறவுதான் ஊரு திரும்பிப் பாத்துது.

அப்புறம் என்ன ஆச்சு? 1985-ல கிரைம்வேவ்னு ஒரு படம் எடுத்துக் குப்புற விழுந்தான். வேற வழி இல்லாமத்தான் ரெண்டாம் பாகத்துக்கே வந்தான். அப்பவும் கிங்தான் காப்பாத்துனாரு. அவரு வட கரோலினாவுல லாரன்டிஸுக்கு ஒரு படம் டைரக்ட் பண்ணிக்கிட்டு இருந்தாரு. பயலுவ காசில்லாமத் தவிக்கானுவன்னு காதுல விழுந்ததும் லாரன்டிஸுக்குப் போனப் போட்டுட்டாரு. மொத படத்துக்கு நாலு லட்சம் டாலரு கூட ஆவல. இதுக்கு முப்பத்தஞ்சு லட்சத்துக்கு மேல கெடச்சுது. ஆஷ அந்தக்கால ராசா ராணி காலத்துக்கு அனுப்பணும்னு ரைமிக்கு ஆசை. மொதலாளி, "அதெல்லாம் வேண்டாம், மொத படம் மாதிரியே குடு"ன்னுட்டாரு. நீ இத, "கிரியேட்டிவ் டிசிஷன்"னு சொன்ன. தோத்துட்டு வந்தவன் காசு குடுத்தவன் சொன்னபடி எடுத்த படம்லே இது! அதுக்குள்ள தனக்கு வேண்டியத ஒளிச்சு வச்சுட்டான் பாரு, அங்கதான் நிக்கான்.

என்னத்த ஒளிச்சான்? சிரிப்ப. இதச் சொன்னா நீ மொறைக்க. "தாத்தா, இது ஹாரர், காமெடி இல்ல"ங்க.

நான் டூரிங் டாக்கீஸ் ஆப்பரேட்டரா இருந்தவன்லே. கார்பன் குச்சியத் தள்ளிக்கிட்டே, அந்தச் சின்ன ஓட்டை வழியா படத்தப் பாத்தத விட சனத்தப் பாத்ததுதான் அதிகம். மண்ணுல ஒக்காந்திருக்க சனம் மொதநாளு பேயப் பாத்து அலறும். ரெண்டாம் ஆட்டத்துல அதே ஆளு திரும்ப வந்தா, பேயி வாரதுக்கு முன்னாடியே பக்கத்துல இருக்கவன இடிச்சு, "இப்ப வரும் பாரு"ம்பான். மூணாவது தடவ பேயி வந்ததும் விசிலடிப்பான். பயங்கது ஒரே ஒருவாட்டிதான் வேலை செய்யும். மொத பாகம் டெக்குல வந்த காலத்துல, பஞ்சாயத்து டிவி முன்னாடி ஒக்காந்து பாத்த கெழவிகூட ஒரு வாரத்துக்குப் புளியமரத்தச் சுத்திக்கிட்டுத்தான் போனா. இங்கிலாந்துல அந்தக் கேசட்ட போலீசே பறிமுதல் பண்ணுச்சுன்னு நீதான சொன்ன? அப்படி மெரட்டுன படத்துக்கு ரெண்டாம் பாகம் எடுக்கவன் அதே வீடு, அதே காடு, அதே பேய வச்சு மறுபடியும் மெரட்டப் பாத்தா, சனம் "இப்ப வரும் பாரு"ன்னுதான் சொல்லும். ரைமிக்கு இது தெரிஞ்சிருக்கு. விசில ரசிகன் அடிக்குததுக்கு முன்னாடி அவனே அடிச்சுட்டான்.

அந்தக் கை சீன எடுத்துக்கோ. நீ "கோர் சீன்"னு சொல்லுத. நான் நாலு தடவ ஓட்டிப் பாத்தேன், நீ கொறட்ட விட்டுக்கிட்டு இருந்த. ஆஷோட வலது கைய லிண்டாவோட வெட்டுன தல கடிச்சு வச்சுருது. கைக்குள்ள பேயி ஏறிருது. உடம்பு அவனுது, கை பேயோடது. அந்தக் கை என்ன செய்யுது? கழுத்த நெரிச்சுக் கொல்லலாம்லா, அது செய்யல. அடுக்களையில அடுக்கி வச்ச தட்ட ஒண்ணொண்ணா எடுத்து அவன் மண்டையிலயே ஒடைக்குது. தலமயிரப் புடிச்சுத் தூக்கி, ஆளையே குட்டிக்கரணம் போட வச்சு, தொப்புனு தரையில அடிக்குது. அவன் மயங்கிக் கெடக்கான். கை மட்டும் முழிச்சிருக்கு. வெரல தரையில ஊனி, அந்தத் தடியன் உடம்ப இழுத்துக்கிட்டு வெட்டுக்கத்திய நோக்கிப் போவுது.

இதுல கம்ப்யூட்டரு கெடையாது. கேம்பல் தன் கையத் தானே வேற ஆளு கை மாதிரி ஆட்டிக் காமிக்கான். வலது தோள்லருந்து கீழ வேற ஆளு, மேல வேற ஆளு. நம்மூர்ல சாமியாடுத கோமரத்தாடிக்குக் கூட மொத்த உடம்பும் சேந்துதான் ஆடும். இவனுக்குக் கை மட்டும் தனியா ஆடுது. அடிய வாங்கும்போது மூஞ்சியப் பாரு, வலியவிட வெக்கம் அதிகமாத் தெரியும், தன் கையே தன்ன ஏசுதேன்னு. அடுத்து, கைய கத்தியால தரையில குத்தி நிறுத்திட்டு, மரம் அறுக்குத மிஷின எடுக்கான். நீ சொன்ன பாரு, "வெட்டுதத அப்படியே காமிக்கான்"னு? காமிக்கவே இல்லலே! திரும்பப் போட்டுப் பாரு. மிஷின் சத்தம் கேக்குது, மூஞ்சியில ரத்தம் தெறிக்குது, இவன் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கான். அவ்வளவுதான். மிச்சத்த நீயே வெட்டிக்கிட்ட.

வெட்டுன கைய வாளியப் போட்டு மூடுதான். வாளியத் தூக்கிக்கிட்டு ஓடிரக் கூடாதுல்லா, மேல புத்தகத்த அடுக்குதான். மேலாக இருக்கது ஹெமிங்வே நாவல். பேர நான் சொல்ல மாட்டேன், அந்த எடத்துல நிறுத்திப் படி. படிச்ச பொறவும் சிரிப்பு வரலன்னா, உனக்குக் கட்டுன காலேஜ் ஃபீஸ உங்க அப்பன் திருப்பிக் கேக்கலாம்.

அந்தக் கை அப்புறமும் அடங்குதா? எலிப் பொந்துக்குள்ள பூந்துக்கிட்டு இவனுக்கு வெரலக் காமிக்குது. இவன் துப்பாக்கிய எடுத்து செவத்தச் சுடுதான். ஓட்டையிலருந்து மொதல்ல கொஞ்சமாக் கசியுது. அப்புறம் மடையத் தொறந்துவிட்ட கணக்கா மூஞ்சியிலயே அடிக்குது. நீ அங்க "எத்தன லிட்டரு இருக்கும்"ன. நான் அந்தப் பயலோட நிலையத்தாம்லே பாத்தேன். செவத்துக்குக் காயம் பட்டா செவத்துக்கு ரத்தம் வருது. வீடே உசுரோட இருக்கு, இவன் அதோட வயித்துக்குள்ள நிக்கான்.

அதுக்கு அடுத்து வாரது, நான் அந்தப் படத்துலயே ஒசத்தின்னு நினைக்க எடம். நீ அதத் தாண்டி ஓட்டுன! செவத்துல மாட்டியிருக்க மான் தல திரும்பி இவனப் பாத்துச் சிரிக்குது. மேச விளக்கு குனிஞ்சு நிமிந்து சிரிக்குது. புத்தகம் அலமாரியில படபடன்னு சிரிக்குது. வீடு மொத்தமும் கெக்கலி கொட்டுது. கடைசியில இவனும் சேந்து சிரிக்கான். விளக்கு ஆடுதபடியே இவனும் ஆடிக்கிட்டுச் சிரிக்கான். நான் இங்க தனியா ஒக்காந்து சிரிச்சேன். கொஞ்ச நேரங் கழிச்சுப் பாத்தா அவன் சிரிப்பு எங்கயோ அலறலா மாறியிருக்கு. எந்த எடத்துல மாறுச்சுன்னு புடிக்கத்தான் நான் நாலு தடவ ஓட்டுனது. புடிக்க முடியல. ஒரு சொட்டு ரத்தம் கெடையாது அந்த எடத்துல. எனக்குக் கழுத்து மயிரு நின்னுது அங்க மட்டுந்தான்.

நீ வாயத் தொறந்தா கேம்பல், ரைமின்னு ரெண்டு பேருதான். அந்தக் கெழட்டுப் பேயி ஹென்ரியட்டா உடுப்புக்குள்ள இருந்தது யாருன்னு கேட்டா முழிக்க. ரைமியோட தம்பி டெட் ரைமிதாம்லே அது. வட கரோலினா வெக்கையில, உடம்பு முழுக்க ரப்பர்ப் பஞ்சச் சுத்திக்கிட்டு நிக்கான். வேர்வை வெளியேற வழியில்லாம உள்ளயே தேங்கி, அது சுத்தி ஆடும்போது காது வழியாக் கொட்டுதது படத்துலயே பதிவாயிருக்கு. பேயி காதுலருந்து தண்ணி வருதேன்னு நீ அதையும் எஃபெக்ட்னுதான் நெனச்சிருப்ப. அண்ணன் படத்துக்குத் தம்பி செஞ்ச கூலியில்லாத எஃபெக்ட் அது.

பொம்மையும் மேக்கப்பும் மார்க் ஷோஸ்ட்ரம் பொறுப்பு. அவருக்குக் கீழ மூணு எளவட்டம் வேல பாத்தானுவ: ராபர்ட் கர்ட்ஸ்மன், கிரெக் நிக்கோடெரோ, ஹோவர்ட் பெர்கர். வேட்ஸ்பரோங்க ஊரு பள்ளிக்கூட ஜிம்முக்குள்ள வீட்ட செட்டு போட்டு எடுத்த படத்துல ரப்பரக் கிண்டிக்கிட்டுக் கெடந்த பயலுவ, படம் வந்த மறுவருசமே, 1988-ல, சேந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சானுவ. நீ சோறு தண்ணி இல்லாமப் பாத்தியே வாக்கிங் டெட், அந்தப் பொணமெல்லாம் அந்த நிக்கோடெரோ கைவேலதான். படத்துக்கு ரசிகன்னு சொல்லிக்கிடுதவன், பேயிக்குப் பல்லு வச்சவன் பேரையும் தெரிஞ்சு வச்சுக்கணும்லே.

கொறையே இல்லயான்னா, இருக்கு. அந்த வீட்டுப் புரொபசர் மவ ஆனியும் கூட மூணு பேரும் வந்து சேருதாவல்லா, அங்க படம் இளைக்குது. ஒத்த ஆளு, ஒரு வீடுன்னு ஓடிக்கிட்டு இருந்த வண்டியில நாலு பேரு ஏறுன ஒடனே, யாரு எப்பச் சாவாங்கன்னு எண்ணுத வேலைதான் நமக்கு மிஞ்சுது. பேயோட கண்ணு பிதுங்கிப் பறந்து ஒருத்தி வாயில போயி விழுதது சிரிப்பாத்தான் இருக்கு, இல்லங்கல. ஆனா ஆனி ஏட்டப் படிச்சு வெளக்கம் சொல்லுத எடமெல்லாம் கொட்டாவி. இதச் சொன்னா உனக்குக் கோவம் வருது. புடிச்ச படத்துல ஓட்டை இருக்குன்னு ஒத்துக்கிட்டா உன் சொத்தா கொறஞ்சு போவும்?

இன்னொண்ணு சொல்லுதேன் கேளு. சின்னப் பயலா இருக்கும்போது டிவியில ஸ்பைடர்மேன் ரெண்டாம் பாகம் பாத்தல்லா? ஆஸ்பத்திரியில அந்த எட்டுக்கைக்காரன் மயங்கிக் கெடக்கும்போது, இரும்புக் கை தானா முழிச்சு டாக்டர், நர்சு எல்லாரையும் தூக்கி அடிக்கும். ஒரு டாக்டரு அறுக்குத மிஷின எடுப்பாரு. தரையப் பிராண்டிக்கிட்டே ஒரு நர்ச இழுத்துக்கிட்டுப் போவும். நீ அப்ப ஆச்சி சேலைக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு, முடிஞ்சிருச்சா முடிஞ்சிருச்சான்னு கேட்ட. அதுவும் ரைமி எடுத்ததுதான், 2004-ல. அதே தானா ஆடுத கை, அதே மிஷின். சொட்டு ரத்தம் காமிக்காம ஒன்ன அலற வச்சுருக்கான். அன்னைக்குச் சிமிட்டுன கண்ண இன்னைக்குச் சிமிட்டலன்னு பெருமை பேசிக்கிட்டு இருக்க. அதே படத்துல தேட்டரு வாசல்ல நின்னுக்கிட்டு, லேட்டா வந்தியான்னு பீட்டர உள்ள விட மாட்டாம்பான்லா ஒருத்தன், அவந்தான் நம்ம கேம்பல். தேட்டர்ல வேல பாத்தவன்கிற மொறையில சொல்லுதேன், அவன் செஞ்சது நூத்துக்கு நூறு ஞாயம்.

அதனால நான் சொல்லுதபடி செய். லிட்டர் கணக்க விடு. சீக்குவலா ரீமேக்காங்கத அந்த நாயிகிட்டயே விட்டுரு. "இந்தப் படத்துல ஒரு மெசேஜ் இருக்கு"ன்னு எவங்கிட்டயும் சொல்லாத. கைக்கும் மண்டைக்கும் நடந்த சண்டையில என்ன மெசேஜ்லே இருக்கப் போவுது? தெரியாத புத்தகத்த எடுத்துச் சத்தமாப் படிக்காதங்கத வேணா எடுத்துக்கோ. அது உனக்கு ஏற்கெனவே உள்ள பழக்கந்தான், புத்தகத்தையே நீ தொடுததில்லயே. முக்கியமானது, சங்கரன்கோயில்லருந்து பொண்ணு வீட்டுக்காரவ வாராவல்லா, அந்தப் புள்ளகிட்ட "உங்களுக்குப் புடிச்ச படம் எது"ன்னு கேட்டு, அவ பதில் சொல்லுததுக்குள்ள நீ இந்தக் கை வெட்டுத கதைய ஆரம்பிச்சுராத. ஆரம்பிச்சாலும், அவ சிரிச்சான்னா கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்கோ. "எத்தன லிட்டரு"ன்னு கேட்டான்னா ரெண்டு பேரும் சேந்து ரத்த வங்கி வைக்க வேண்டியதுதான்.

மொத பாகத்தப் பாக்காம இதப் பாக்கலாமான்னு உன் கூட்டாளி கேட்டானாம்லா, தாராளமாப் பாக்கலாம்னு தாத்தா சொன்னாருன்னு சொல்லு. மொத்தம் எண்பத்திநாலு நிமிசந்தான். ஒங்க இப்பத்த படத்துல ஹீரோ அறிமுகமே அம்புட்டு நேரம் ஓடுது.

முடிவுல ஆஷு காரோட சொழலுக்குள்ள போயி ராசா காலத்துல விழுதான்லா? மொதலாளி அன்னைக்கு வேண்டாம்னு சொன்ன கதைய ரைமி 1992-ல ஆர்மி ஆஃப் டார்க்னஸ்னு எடுத்துக்கிட்டான்னு நீதான் சொன்ன. அந்த மூணாம் பாகத்த இன்னைக்கு ராத்திரி போடு. சத்தத்தக் கொறச்சு வை. ஆச்சி முழிச்சு வந்து என்னன்னு கேட்டா நான் பக்திப் படம்னு சொல்லுவேன், நீ ஆமான்னு சொல்லணும்.